பாதியில் நிறுத்திய முகம்

தோல் தொங்குவதைப் பற்றிப் பேச என்னைக் கூப்பிடும்போதெல்லாம் இளம் டாக்டர்களான உங்களில் யாராவது ஒருவர் முதலில் கேட்பது, "மேடம், எந்த மெஷின் வாங்கலாம்?" என்றுதான். மெஷின் விற்கிறவர்கள் அதற்கு என்னைவிட நன்றாகப் பதில் சொல்வார்கள். நான் ஓய்வு பெற்ற பிளாஸ்டிக் சர்ஜன். வெட்டவும் தைக்கவும் தெரியும். இன்றைக்கு அந்த வேலையில் ஒரே ஒரு நாள் நடந்ததைச் சொல்கிறேன். அதற்கு ஒரு காரணமும் இருக்கிறது.

பெரிய ஆஸ்பத்திரியில் வேலை பார்த்த காலத்திலேயே, ஞாயிற்றுக்கிழமைகளில் சொந்த ஊரான உத்திரமேரூருக்கு வந்துவிடுவேன். பஸ் ஸ்டாண்டு பக்கம் என் தம்பிக்கு மருந்துக் கடை. அதற்குப் பின்னால் ஒரு அறை, ஒரு மேஜை, ஒரு விளக்கு. தோல் தளர்ச்சியைப் பற்றிப் புத்தகத்தில் படித்ததைவிட அந்த அறையில் பார்த்தது அதிகம். நாற்று நட்டு நட்டே கழுத்துத் தோல் சுருங்கித் தொங்கிய பெண்கள் வருவார்கள். ஜன்னல் பக்கத்து வெயில் பட்டுப் பட்டு வலது கன்னம் மட்டும் தளர்ந்துபோன லாரி டிரைவர் ஒருவர் வந்தார். பீடி ஒரு பக்கம், சர்க்கரை ஒரு பக்கம் என்று உடம்பு இளைத்து, தோல் மட்டும் பழைய அளவிலேயே நின்றுபோனவர்கள் வருவார்கள். பிரசவத்துக்குப் பிறகு வயிறு சுருங்கவில்லை என்று வருகிறவர்களும் உண்டு. அவர்களில் பாதிப் பேருக்குத் தோலில் குறையே இருக்காது, உள்ளே தசை விலகியிருக்கும்.

தோலுக்குள் இரண்டு வகை நார் இருக்கிறது. கொலாஜன் தாங்கிப் பிடிக்கிறது. எலாஸ்டின், இழுத்தால் பழைய இடத்துக்குத் திரும்ப வைக்கிறது. வயது, வெயில், புகை, திடீரென்று இளைப்பது, மாதவிலக்கு நிற்பது எல்லாமே இந்த இரண்டில் ஒன்றையாவது தேய்க்கும். எது தேய்ந்தது என்று தெரியாமல் வைத்தியம் தொடங்காதீர்கள். சிலருக்கு முக்காடும் சன்ஸ்கிரீனும் ராத்திரி தடவ ஒரு ரெட்டினாய்டு களிம்பும் போதும். லேசான தளர்ச்சிக்கு உங்கள் மெஷின்கள் தரும் சூடு கொஞ்சம் உதவும். நூல் போட்டு இழுத்தால் கொஞ்ச நாள் நிற்கும். நன்றாகவே தொங்கிவிட்டால் கத்திதான். காரணமில்லாமல் இளைத்திருந்தால் இதையெல்லாம் ஓரம் கட்டிவிட்டு முதலில் இளைத்ததற்குக் காரணம் தேடுங்கள்.

இதில் எதிலும் அடங்காத ஒருத்தி வந்தாள்.

அன்றைக்கு மழை விட்டிருந்தது. இரண்டு பெண்கள் கடை வாசலில் குடையை மடக்கினார்கள். தம்பி எட்டிப் பார்த்து, "ஆயா, நீங்க இப்படி உக்காருங்க. உங்க பொண்ணு வந்து பேரு சொல்லட்டும்" என்றான். அவன் ஆயா என்று கூப்பிட்டவள் உட்காரவில்லை. கூட வந்தவள்தான் பெஞ்சில் உட்கார்ந்தாள்.

"அது எம் பொண்ணுங்க. நான்தான் அம்மா" என்றாள் உட்கார்ந்தவள், சலிப்பில்லாமல். பல தடவை சொல்லிப் பழகிய குரல்.

பெண்ணின் பெயர் பெனிட்டா. வயது இருபத்திரண்டு. அம்மா ராணி. பக்கத்தில் பெருநகர் என்கிற ஊரில் வீடு. அப்பாவும் அம்மாவும் கூலிக்குப் போகிறவர்கள். வீட்டில் முதல் பட்டதாரி பெனிட்டாதான், பி.காம். அறைக்குள் வந்ததும் விளக்கை அவள் பக்கம் திருப்பினேன். இரண்டு கன்னமும் தாடைக்குக் கீழே மடிந்து இறங்கியிருந்தன. கண்ணிமைகளில் தோல் பை கட்டியிருந்தது. கழுத்து அறுபது வயதுக் கழுத்து. தலைமுடி மட்டும் கருகருவென்று இடுப்பு வரை இருந்தது.

"எப்பருந்தும்மா இப்படி?"

ராணிதான் பதில் சொன்னாள். "பொறந்தப்பவே கன்னம் தொங்கிக்கினுதான் இருந்துச்சி டாக்டரம்மா. பாக்க வந்தவங்கல்லாம் கொழந்த கொழுகொழுன்னு கீதுன்னு கொஞ்சிட்டுப் போனாங்க. வயசு ஏற ஏறத்தான் பேஜாராப் போச்சி."

"இப்ப எதுக்கு வந்தீங்க? இத்தனை வருஷம் வரலையே."

இதற்குப் பெனிட்டா பேசினாள். சளி பிடித்தவள் போலக் கரகரப்பான குரல். "ஒரகடத்துல ஒரு கம்பெனிக்கு இன்டர்வியூ போனேன் மேடம். கேட்டுல செக்யூரிட்டி, 'பொண்ணு எங்கம்மா, அத உள்ள அனுப்பு, நீ இங்கயே குந்து'ன்றாரு. நான்தான் அந்தப் பொண்ணுன்னேன். ஆதார் கார்டக் குடுத்தேன். திருப்பித் திருப்பிப் பாத்துட்டு, 'இது யாரோட கார்டு'ன்னாரு."

"அப்புறம்?"

"அப்புறம் இன்னா மேடம். பஸ் ஏறி வந்துட்டேன்."

அதற்கு முன்னால் டவுனில் ஒரு கிளினிக்கில் சூடு வைக்கும் சிகிச்சையும் எடுத்துப் பார்த்திருக்கிறாள். கொஞ்சமும் மாறவில்லை. மாறாது. அந்தச் சூடு, தோலை நல்ல நாரை உண்டாக்கச் சொல்லித் தூண்டுவது. இவள் உடம்புக்கு நல்ல எலாஸ்டின் செய்யவே தெரியாது. பிறவியிலேயே அப்படி. கழுத்துத் தோலைக் கிள்ளி இழுத்துவிட்டேன். அது அவசரமே இல்லாமல், மெதுவாகப் பழைய இடத்துக்குப் போனது.

முழங்காலுக்குக் கீழே ஒரு பழைய தழும்பு இருந்தது. சின்ன வயதில் புல்லறுக்கும்போது கருக்கரிவாள் பட்டதாம். மெல்லிய நேர்க்கோடாக, அழகாக ஆறியிருந்தது. அதைத் தடவிப் பார்த்தபோதுதான் எனக்குத் தைரியம் வந்தது. தோல் அதிகமாக நீளும் வேறு ஒரு பிறவிக் கோளாறு உண்டு. அதில் தையல் நிற்காது, தழும்பு காகிதம் மாதிரி விரியும். இவளுக்குக் காயம் ஆறுகிறது. கத்தி வைக்கலாம். வந்திருப்பவரின் பழைய தழும்புகளைப் பார்க்காமல் தேதி கொடுத்துவிடாதீர்கள்.

தேதி கொடுப்பதற்கு முன்னால் பெரிய ஆஸ்பத்திரிக்கு வரச் சொன்னேன். அங்கே லிஃப்ட் ரிப்பேர். மாடிப்படியில் எனக்கு முன்னால் ஏறியவள் பாதி வழியில் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். நான் அவளைத் தாண்டிப் போக வேண்டியிருந்தது. அன்றைக்கே இதயத்துக்கு எக்கோவும் நெஞ்சுக்கு ஸ்கேனும் எடுக்கச் சொன்னேன். இதயம் நன்றாக இருந்தது. நுரையீரலின் அடிப்பாகம் முழுக்க ஊதிப்போன காற்றுக் குமிழிகள். கன்னத்தைத் தாங்காத அதே நார்தான் நுரையீரலையும் தாங்கவில்லை. தோல் வெளியே தெரிகிறது, அவ்வளவுதான் வித்தியாசம்.

இரண்டு பேரையும் உட்கார வைத்துச் சொன்னேன். முழு மயக்கம் கொடுத்து, குழாய் போட்டு மெஷினால் காற்றை அழுத்தினால் அந்தக் குமிழி உடையலாம். உயிருக்கே ஆபத்து. மருந்து, மூச்சுப் பயிற்சி, தூசி இல்லாத இடம், இதையெல்லாம் முதலில் பார்ப்போம், முகத்தை விட்டுவிடுவோம்.

"அப்டின்னா வோணாம்மா. வூட்டுக்குப் போலாம்" என்று ராணி எழுந்துவிட்டாள்.

பெனிட்டா எழுந்திருக்கவில்லை. "எனக்கு மூச்சு எவ்ளோ குடுத்து வச்சிக்கீதோ அவ்ளோ போதும் மேடம். மூஞ்சிதான் வேணும்."

"வாய மூடுடி!"

"நீ சும்மா இரு. கொழந்தைங்க கூட என்ன ஆயான்னுதான் கூப்புடுது. ஒரு நாளாவது என் வயசுல இருந்து பாக்கணும்மா."

ராணி திரும்ப உட்கார்ந்தாள்.

எனக்கு நல்வாய்ப்பாக ஒரு மயக்க மருத்துவர் இருந்தார். அதிகம் பேசாத மனிதர். ஸ்கேனை வெளிச்சத்தில் பிடித்து வெகுநேரம் பார்த்தார். "முழிச்சிருக்கும்போதே பண்ண முடியுமா மேடம்? முகத்தை மட்டும் மரக்க வச்சு?" என்றார். முடியும் என்றேன். "அப்ப நான் பக்கத்துல உக்காந்துக்கறேன். ஆனா நான் நிறுத்துன்னா நிறுத்தணும். அந்த நேரத்துல ஏன்னு கேக்கக் கூடாது."

சரி என்றேன். சர்ஜன்களுக்கு இப்படிச் சரி சொல்வது சுலபம். சொன்னபடி நிற்பது எவ்வளவு கஷ்டம் என்று அப்போது எனக்குத் தெரியாது.

அறுவை நாளில் அவள் பயப்படவில்லை. நாங்கள்தான் பயந்தோம். காது ஓரமாக மரக்க ஊசி போட்டு வலது பக்கம் தொடங்கினேன். ஆழத்தில் இருக்கும் தசையுறையை இழுத்துத் தைத்து, மீதித் தோலை வெட்டி எடுத்தேன். துணிக்கு அடியிலிருந்து அவள் பேசிக்கொண்டே இருந்தாள். சர்ச் கிறிஸ்துமஸ் நாடகத்தில் தனக்கு எப்போதும் எலிசபெத் வேஷம்தான் என்றாள், வயசான பிறகு பிள்ளை பெற்றவளாம். "ஒரு வருஷமாவது சின்னப் பொண்ணு மரியா வேஷம் குடுப்பாங்களான்னு பாத்தேன் மேடம்." நர்ஸ் சிரித்துவிட்டார். வலது பக்கம் முடிந்தது. தைத்த பிறகு ஒரு நிமிடம் கையை எடுத்துவிட்டுப் பார்த்தேன். அந்தப் பக்கம் ஒரு இருபத்திரண்டு வயதுப் பெண் இருந்தாள்.

இடது பக்கத்துக்கு மருந்து ஊசி போட்டாயிற்று. தலையைத் திருப்பினோம். அப்போது இருமினாள். பெரிய இருமல்கூட இல்லை. உடனே "நெஞ்சு... நெஞ்சு குத்துது மேடம்" என்றாள். மானிட்டரில் ஆக்சிஜன் இறங்கத் தொடங்கியது. மயக்க மருத்துவர் அதற்குள் எழுந்து, அவள் விலாவில் ஸ்டெதாஸ்கோப் வைத்திருந்தார். "இந்தப் பக்கம் காத்து கேக்கல. குமிழி உடைஞ்சிடுச்சு." அடுத்த கொஞ்ச நேரத்தில் நடந்ததெல்லாம் உங்களுக்குத் தெரிந்த வேலைதான். விலா இடுக்கில் குழாய் போட்டார். அடைபட்ட காற்று புஸ்ஸென்று வெளியேறியது. மெல்ல மெல்ல எண்கள் ஏறின. அவள் உதட்டில் நிறம் திரும்பியது.

இதற்குப் பிறகு வந்த சில நிமிடங்களைத்தான் நான் உங்களுக்குச் சொல்ல வந்தேன். ஆபத்து நேரம் முடிந்துவிட்டது. மானிட்டர் அழகாக ஓடுகிறது. குழாய் போட்டிருப்பதால் திரும்பக் காற்று அடைக்காது. இடது கன்னம் ஏற்கெனவே மரத்திருக்கிறது. கருவிகள் கையெட்டும் தூரத்தில். இன்னும் கொஞ்சம் நேரம் கிடைத்தால் முழு முகம்.

"நிறுத்திடலாம் மேடம்" என்றார் மயக்க மருத்துவர்.

நான் அவரைப் பார்த்தேன். ஏன் என்று கேட்கவில்லை, ஆனால் கேட்கும் முகத்தோடுதான் பார்த்திருப்பேன்.

துணிக்கு அடியிலிருந்து கரகரத்த குரல் வந்தது. "மேடம், முடிச்சிடுங்க. நான் தாங்கிக்குவேன். பாதியில உட்டுடாதீங்க மேடம். காலுல வுழறேன்."

எல்லாரும் என் கையைப் பார்த்தார்கள். நோயாளியே கேட்கிறாள், எனக்கும் ஆசை. பாதி வயதான முகத்தோடு ஒரு பெண்ணை எப்படி வெளியே அனுப்புவது? அந்த இடத்தில் நின்று எனக்குள் ஒன்று கேட்டுக்கொண்டேன். இவளுக்காக முடிக்கப் பார்க்கிறேனா, அரைகுறையாக விட்ட சர்ஜன் என்று நாளைக்கு வார்டில் யாரும் சொல்லக்கூடாது என்று முடிக்கப் பார்க்கிறேனா? பதில் எனக்குப் பிடிக்கவில்லை. இன்னொரு நுரையீரலிலும் இதே குமிழிகள் இருக்கின்றன. அவள் இன்னொரு முறை இருமி அதுவும் உடைந்தால் எங்களிடம் மிச்சம் ஒன்றுமில்லை.

கையுறையைக் கழற்றினேன். கையுறை போட்டிருந்தால் மனம் மாறிவிடும் என்று பயமாக இருந்தது.

"பெனிட்டா, இன்னிக்கு இவ்ளோதான்மா."

துணியை எடுத்தபோது கண்ணீர் இரண்டு கன்னத்திலும் இறங்கிக்கொண்டிருந்தது.

வெளியே ராணி சுவரோடு சாய்ந்து நின்றாள். நடந்ததைச் சொன்னேன். ஒரு பக்கம்தான் செய்திருக்கிறேன் என்றேன்.

"உசுரு கீதா?"

"இருக்கு. நல்லா இருக்கா."

"போதும் டாக்டரம்மா."

கட்டுப் பிரித்த அன்று ராணி வார்டில் இருந்தாள். வீக்கம் இன்னும் முழுசாக வடியவில்லை. பெண்ணின் வலது பக்கமாகப் போய் நின்றவள் அப்படியே நின்றுவிட்டாள். பிறகு என் கையைப் பிடித்துக்கொண்டு, "எங்க வூட்டுக்காரரு ஜாடை டாக்டரம்மா. தாடை அப்டியே அவருதான். இத்தினி வருஷமா இவ யாரு ஜாடைன்னே எங்களுக்குத் தெரியல" என்று அழுதாள். சொந்த மகளை முதல் தடவையாகப் பார்த்தவள் போலத் தொட்டுத் தொட்டுப் பார்த்தாள். இதை எந்தப் பாடத்திலும் எனக்குச் சொல்லித் தரவில்லை. மூக்கு, தாடை, கன்னம் என்று அளந்துகொண்டே இருக்கிறோம். ஒரு வீட்டு ஜாடை அதற்கு அடியில் இருக்கிறது என்று நினைப்பதே இல்லை.

பெனிட்டாவுக்கு அதெல்லாம் ஆறுதலாக இல்லை. நான் ரவுண்ட்ஸ் வந்தால் சுவர் பக்கம் திரும்பிப் படுத்துக்கொள்வாள். வீட்டுக்குப் போகிற அன்று மட்டும் பேசினாள். "முன்னாடி வயசான மூஞ்சி. அதுக்கு ஜனங்க பழகிட்டாங்க. இந்த மூஞ்சிக்கு இன்னா பேரு மேடம்? இத வச்சிக்கினு எந்த பஸ்ஸுல ஏறுவேன்?" நான் மன்னிப்புக் கேட்கவில்லை. நிறுத்தியது சரி என்று நம்பியதற்கு எப்படி மன்னிப்புக் கேட்பது? நுரையீரல் டாக்டர் சொல்கிற அன்று மிச்சத்தைச் செய்கிறேன் என்று மட்டும் சொன்னேன்.

அதற்குப் பிறகு பல ஞாயிற்றுக்கிழமைகள் வாசலைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன். வரவில்லை. தம்பியிடம் விசாரித்தால், வீட்டைவிட்டே வெளியே வருவதில்லையாம் என்றான். தையல் ஆறியதா, மூச்சு எப்படி இருக்கிறது என்று கேட்டு அனுப்பினால் ராணியிடமிருந்து "நல்லாக் கீது" என்று மட்டும் பதில் வரும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை தனியாக வந்து நின்றாள். சேலை கட்டியிருந்தாள். முகத்தை மூடவில்லை.

"எப்படி வந்தே?"

"பஸ்ஸுலதான். ஜன்னல் ஓரமாக் குந்திக்கினேன், இந்தப் பக்கம் ஜன்னலுக்கு" என்று இடது கன்னத்தைத் தொட்டுக் காட்டினாள். "பக்கத்துல வந்து குந்தன அக்கா, 'இன்னாமா, காலேஜி படிக்கறியா'ன்னுது. மொதல் தடவையா மேடம். எறங்கறப்ப கண்டக்டர் இந்தப் பக்கத்தப் பாத்துட்டு, 'பாத்து எறங்கு பெரியம்மா'ன்னாரு."

அவள் முகத்தில் மெல்லச் சிரிப்பு வந்தது, ஒரு பக்கம் முன்னதாகவும் மறுபக்கம் கொஞ்சம் தாமதித்தும்.

"ஒரே டிக்கெட்டுல ரெண்டு பேரு வந்துட்டோம் மேடம்."

இரண்டு பேரும் சிரித்தோம். அதற்குப் பிறகுதான் அவள் என்னிடம் பழையபடி பேச ஆரம்பித்தாள்.

நெஞ்சக மருத்துவர் அவள் நுரையீரலை விலாச் சுவரோடு ஒட்டவைக்கும் வைத்தியத்தைச் செய்து, மாதக்கணக்கில் பார்த்துவிட்டு, சரி என்றார். இடது பக்கத்தை அதே முறையில், அதே மயக்க மருத்துவரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு செய்தேன். ஒன்றும் நடக்கவில்லை. ஒன்றும் நடக்காத நாளைப் பற்றிச் சொல்ல எதுவும் இருக்காது.

அதற்கு முன்னால் அவளிடம் ஒளிக்காமல் சொல்லியிருந்தேன். இது நிலைக்காது. உன் உடம்பு தோலைத் திரும்பத் தளரவிடும். சில வருஷம் கிடைக்கும், அவ்வளவுதான். எப்படியும் இதை நோயாளியிடம் சொல்லிவிடுங்கள். தள்ளிப் போடாதீர்கள். அவள் கொஞ்சம் யோசித்துவிட்டுச் சொன்னாள்: "எல்லாருக்கும்தான் தொங்கும் மேடம். எனக்கு நடுவுல கொஞ்ச நாளு கெடைக்கட்டும்."

பல நாள் கழித்து அந்த மயக்க மருத்துவரிடம் கேட்டேன். "அன்னிக்கு நான் முடிச்சிருந்தா என்ன ஆயிருக்கும்?" அவர் டீயை உறிஞ்சிவிட்டு, "ஒண்ணும் ஆகாமலும் இருந்திருக்கலாம் மேடம். தெரியாது" என்றார். நானும் இன்றைக்கு வரை அதைத்தான் சொல்கிறேன். தெரியாது. நீங்கள் சரியான நேரத்தில் நிறுத்தினீர்களா என்று யாரும் உங்களுக்குச் சான்று தரமாட்டார்கள். தொடர்ந்து செய்து தப்பித்தவர்கள் உங்கள் முன்னால் நடந்து போவார்கள், உங்களைக் கோழை என்றும் நினைப்பார்கள். அதைப் பொறுத்துக்கொள்ளவும் பழக வேண்டும்.

பெனிட்டா ஒரகடத்துக்குப் போகவில்லை. தூசியும் ஷிஃப்டும் ஆகாது என்று நான்தான் தடுத்தேன். உத்திரமேரூரில் ஒரு சின்னப் பள்ளிக்கூடத்தில் டீச்சராக இருக்கிறாள். போன மாதம் வந்தாள். கன்னம் லேசாக இறங்கத் தொடங்கியிருக்கிறது. தாடைக்குக் கீழே கை வைத்துப் பார்த்தேன். இன்னொரு முறை செய்யலாம், நெஞ்சு ஸ்கேன் திரும்ப எடுத்துவிட்டு.

"மே மாசம் லீவுல வச்சிக்கலாமா மேடம்?" பல் டாக்டரிடம் நேரம் கேட்கிற மாதிரி கேட்டாள்.

"நான் இப்ப கத்தி எடுக்கறதில்லமா. கை நடுங்குது. நம்ம டாக்டர் பிள்ளைங்க இருக்காங்க, நல்லாப் பண்ணுவாங்க. பயமா இருக்கா?"

"உங்ககிட்ட பயமில்ல. பாதியில நிறுத்துவீங்கன்னு தெரியும்." கைப்பையை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டாள். வாசல் வரை போய்விட்டுத் திரும்பினாள். "அவங்க நிறுத்துவாங்களா மேடம்? நான் முடிச்சிடுங்கன்னு கெஞ்சுவேன். எனக்குத் தெரியும், அப்ப கெஞ்சத்தான் செய்வேன்."

"சொல்லி வைக்கிறேன்" என்றேன்.

உங்களிடம் சொல்லிவிட்டேன்.